தள்ளி வைக்கப்பட்ட நோயாளிகள்



பல் வலித்தால் பறக்கின்றோம். வயிறு வலித்தால் துடிக்கின்றோம். வலி துரத்த, வைத்தியரின் வாயிலைத் தேடி ஓடுகின்றோம். வலியே இல்லாமல் வருகின்ற நோய் ஒன்றுண்டு. சிறுநீரிலே ஒருநாள் செந்நிறம் தெரியும். மறுநாள் தெளிந்துவிடும். "உடற்சூடு" என்பார்கள் வீட்டார்; இளநீர் தருவார்கள்; மறந்து போவார்கள். உள்ளே, சிறுநீர்ப்பையின் சுவரிலே புற்றுநோய் வேர்விட்டுக் கொண்டிருக்கும். ஒரேயொரு முறை கதவைத் தட்டிவிட்டு, ஓசையின்றி நுழைந்துவிடும் கள்வன்!

அந்தக் கள்வனுக்கு 2020ஆம் ஆண்டு எப்படி வாய்ப்பாக அமைந்தது என்பதை, இங்கிலாந்து நாட்டைக் கொண்டு கூற விழைகின்றேன். ஏன் இங்கிலாந்து? ஏழை நாடு, இயலவில்லை என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாத நாடு அது. சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அன்யூரின் பெவன், அமைச்சராக அமர்ந்து, காசில்லாக் காரணத்தால் ஒருவனும் மருத்துவமனை வாயிலிலே திருப்பியனுப்பப்படலாகாது என்று, 1948 சூலை 5ஆம் நாள் தேசிய மருத்துவத் துறையைத் தொடங்கி வைத்த நாடு!

2020 மார்ச் 17ஆம் நாள் மருத்துவமனைகளுக்கு மடல் சென்றது. அவசரமற்ற அறுவைகளைத் தள்ளி வையுங்கள். 30,000 படுக்கைகளை விடுவியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் தொடரட்டும் என்றது மடல். நல்ல மடல்தான். மடலிலே தொடர்ந்த சிகிச்சை, மருத்துவமனையிலே தொடர்ந்ததா?

"வீட்டிலிருங்கள், மருத்துவத் துறையைக் காப்பாற்றுங்கள், உயிர்களைக் காப்பாற்றுங்கள்" என்பது அரசின் முழக்கம். எழுதியவன் கெட்டிக்காரன், முழக்கம் எழுதிப் பிழைப்பவன் நான், எனக்குத் தெரியும். அந்த முழக்கத்தை முதியவர்கள் கேட்டார்கள். எழுபதைக் கடந்தோர் மிகுந்த எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று தனியாகவும் எச்சரிக்கப்பட்டார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரிதும் தாக்குவது யாரை? அதே முதியவர்களை! குருதியைக் கண்டார் கிழவர். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா, போகாவிட்டால் ஒன்றுமில்லை என்று எண்ணினார். வலிதான் இல்லையே!

எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, ஐயத்தின்பேரில் அவசரமாக அனுப்பப்பட்டவர்கள் 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 1,99,000 பேர். 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 80,000 பேர். ஓராண்டிலே நோயா குறைந்தது? வந்தவர்கள் குறைந்தார்கள். பெண்கள் நிலை இன்னும் கொடுமை. சிறுநீரில் குருதி என்றதும், தொற்று என்று மாத்திரை தந்தனுப்பும் வழக்கம் கொரோனாவுக்கு முன்பே உண்டு. தொலைபேசியில் வைத்தியம் நடந்த நாட்களில் அந்த வழக்கத்தைத் தடுப்பார் யார்?

துணிந்து வந்தவர் கதியென்ன? நாடகக்காரன் நான், அரங்கு என்றால் எனக்குத் திரையும் விளக்கும்தான் நினைவுக்கு வரும். மருத்துவமனையின் அறுவை அரங்குகள் தீவிர சிகிச்சைக் கூடங்களாக வேடம் மாறின. மயக்க மருந்து தருவோர், செயற்கை மூச்சுக் கருவிகளின் பக்கம் அழைக்கப்பட்டனர். தனியார் மருத்துவமனைகளின் 8,000 படுக்கைகளை அரசு ஒப்பந்தம் செய்தது. இலண்டனிலே புற்றுநோய் அறுவைக்கெனத் தனி ஏற்பாடு செய்தார்கள். அவற்றை மறைக்க மாட்டேன்.

மருத்துவர்கள் நெஞ்சிலும் அச்சம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. அறுவையை ஒட்டிக் கொரோனா தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்தார்கள். முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 23.8 பேர்! கத்தியை எடுத்தாலும் ஆபத்து, எடுக்காவிட்டாலும் ஆபத்து. நோய் தசைக்குள் இறங்கிவிட்டால், பையையே அகற்றவேண்டும். அறுவை ஒன்றையே நம்பியிருப்பவருக்கு 12 வாரங்களுக்கு மேல் தாமதித்தால் பிழைக்கும் வாய்ப்புக் குறையும் என்பது முன்பே ஆராய்ந்து கூறப்பட்டிருந்தது.

ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கத்தார் படிகள் வகுத்தார்கள். இவர் ஆறு மாதம் காத்திருக்கலாம். அவர் மூன்று மாதம். இன்னொருவர் ஆறு வாரம். மற்றவர் ஒரு நாளும் பொறுக்கலாகாது. அறிவார்ந்த ஏற்பாடு! ஆனால், இந்தக் கிழவர் எந்தப் படியில் நிற்கின்றார் என்பதை எப்படி அறிவது? உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் பார்த்து, கட்டியைச் சுரண்டியெடுத்து ஆராய்ந்தால்தானே தெரியும்? அந்த உள்நோக்கிக்கே தவணை! சீட்டைப் பிரித்தால்தான் சேதி தெரியும்; சேதி தெரிந்தவனுக்குத்தான் சீட்டைப் பிரிக்க அனுமதி!

பி.சி.ஜி. மருந்தை நீங்கள் அறிவீர்கள். காசநோயைத் தடுக்க நம் தோளிலே தழும்பாக நிற்பது, கிண்டியிலே 1948 முதல் செய்யப்பெற்றது. அதையே சிறுநீர்ப்பைக்குள் வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் செலுத்தினால், மேற்பரப்பிலுள்ள கொடிய புற்று மீண்டும் முளைப்பது குறைகின்றது. மருந்து வேண்டுமானால் ஆறு முறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஊரே அடைபட்டிருந்தபோது, எழுபது வயதுக்காரர் ஆறு முறை எப்படிச் செல்வார்?

கொரோனா செய்த கொடுமை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். நான் போக விரும்பவில்லை. 1987-88இல் இங்கிலாந்தின் மருத்துவமனைப் படுக்கைகள் ஏறத்தாழ 2,99,000. 2019-20இல் 1,41,000. அன்று பத்து நாள் படுத்தவன் இன்று ஒரே நாளில் வீடு திரும்புகின்றான், மனநோயாளிகளுக்கு வெளியிலே பராமரிப்பு உண்டு என்பார்கள், உண்மைதான். மிச்சமென்று ஏதேனும் வைத்தீர்களா என்பதே என் கேள்வி.

அவசரமாக அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 85 பேருக்கு 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அந்நாட்டு விதி. 2016 முதல் 2024 வரை ஓராண்டிலேனும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. கொரோனா வருவதற்கு முன்பே வரிசை நீண்டு கிடந்தது. 2021இல் அச்சம் தெளிந்து மக்கள் பெருந்திரளாகத் திரும்பி வந்தார்கள். அவர்கள் போய் நின்றது, அந்தப் பழைய வரிசையின் கடைசியிலேதான்.