ஈட்டலும் ஈதலும்

(குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்கு நன்னாளில் பொருளைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே அடியேன் கருத்து. இன்று நாம் கண்டு மகிழும் விமானமும் மதிலும் வேள்விச் சாலையும் அன்பினால் எழுந்தன. எனினும் பொருளின்றி எழுந்தன அல்ல. ஆகவே பொருள் எவ்வழியில் வருகின்றது, எவ்வழியில் செல்லுதல் வேண்டும் என்பதை இறைவன் திருமுன்னர் நின்று எண்ணிப் பார்ப்பது நமக்குக் கடமையாகின்றது.

செல்வர் ஒருவர் கொடையளித்தால் உலகம் அவரைப் போற்றுகின்றது. போற்றத் தக்கதே. ஆனால் அச்செல்வம் வந்த வழியைப் பெரும்பாலும் எவரும் வினவுவதில்லை. கொடுத்துவிட்டார், இனிக் கேள்வி எதற்கு என்று அமைந்துவிடுகின்றோம். இஃது அறத்துக்கு ஒத்ததா என்பதை ஆராய, அமெரிக்க நாட்டில் வாழ்ந்த பெருஞ்செல்வர் ஒருவருடைய வரலாற்றை எடுத்துக்கொள்கின்றேன். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் ஈட்டுவதிலும் ஈவதிலும் அவரளவு சென்றவர் உலகில் மிகச் சிலரே.

ஆண்ட்ரூ கார்னிகி என்பது அவர் பெயர். 1835-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டன்ஃபர்ம்லின் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கைத்தறி நெசவாளர். நீராவித் தறிகள் வந்தன; கைத்தறி ஓய்ந்தது; குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. 1848-இல் கடன் பெற்றுக் கப்பலேறி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்திற் குடிபுகுந்தனர். பதின்மூன்று வயதுச் சிறுவர் பஞ்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். வாரக் கூலி ஒரு டாலர் இருபது சென்ட். பின்னர்த் தந்தி நிலையத்தில் செய்தி கொண்டு செல்லும் சிறுவரானார். தந்தியின் ஒலியைச் செவியாற் கேட்டே செய்தியை எழுதும் திறன் பெற்றார். இருப்புப்பாதை நிறுவனமொன்றிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார்.

இதுவரை நாம் கண்டது உழைப்பும் ஊக்கமும். ஆனால் பெருஞ்செல்வம் என்பது ஒருவருடைய உழைப்பினால் மட்டும் திரள்வதன்று. இருப்புப்பாதை அதிகாரிகளின் நட்பினால் எத்தொழில் தழைக்கும் என்பதை அவர் முன்னரே அறிந்தார். அந்நிறுவனத்தோடு வாணிகம் செய்யும் தொழில்களிலேயே பங்கு கொண்டார். 1875-இல் பிராடக் என்னுமிடத்தில் அவருடைய பெரிய எஃகு ஆலை இயங்கத் தொடங்கிற்று. பெசிமர் முறை என்னும் புதிய உருக்கு முறை கைகொடுத்தது. அயல்நாட்டுத் தண்டவாளங்களின்மேல் அரசு விதித்த சுங்க வரி போட்டியைத் தடுத்தது. ஒவ்வொரு டன் எஃகுக்கும் ஆகும் செலவைக் காசு பிசகாமல் கணக்கிட்டார். செலவைக் குறைத்துக்கொண்டே சென்றார். அங்ஙனம் குறைக்கப்பட்ட செலவுகளுள் தொழிலாளர் கூலியும் ஒன்று.

1892-ஆம் ஆண்டில் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்புப் பற்றிய பூசல் மூண்டது. கார்னிகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். ஆலைப் பொறுப்பிலிருந்த ஹென்றி ஃபிரிக் தொழிலாளரை வெளியே நிறுத்தி ஆலையை அடைத்தார். ஜூலை 6-ஆம் நாள் ஏறத்தாழ முந்நூறு கூலிக் காவலர் ஆயுதங்களுடன் ஆற்று வழியே படகுகளில் வந்தனர். கைகலப்பு மூண்டு, இரு திறத்தாரிலும் உயிர்கள் மாண்டன. மாநிலப் படை வந்தது. தொழிலாளர் சங்கம் ஒடுங்கிற்று. அதன்பின் ஆலையில் பன்னிரண்டு மணி நேர வேலை நிலைபெற்றது.

இவரைக் கொடியவர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட இயலாது. 1868-ஆம் ஆண்டில், தம் முப்பத்து மூன்றாம் வயதில், தமக்குத் தாமே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் வருவாய் தமக்குப் போதும் என்றும், பணத்தைத் தெய்வமாக வழிபடுவது மனிதனை இழிவடையச் செய்யும் என்றும், முப்பத்தைந்தாம் வயதில் தொழிலை விட்டு விலகவேண்டும் என்றும் அதில் எழுதினார். உண்மையை உணர்ந்தவரே. ஆனால் விலகியது 1901-இல். இடையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. போதும் என்ற சொல்லை எழுதுவது எளிது. அதில் நிற்பது எத்துணை அரிது என்பதை இதனால் உணரலாம்.

அவ்வாண்டில் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்றார். அதன்பின் வாழ்நாளெல்லாம் கொடுத்தார். உலகின் பல பகுதிகளில் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பொருளால் எழுந்தன. 1919-இல் அவர் மறைவதற்குள் ஏறத்தாழ 35 கோடி டாலரை வழங்கியிருந்தார். செல்வத்தோடு சாவது இழிவு என்று 1889-இல் கட்டுரை எழுதியவர், அச்சொல்லைப் பெரிதும் காத்தார் என்றே கூறுதல் வேண்டும்.

ஆனால் அதே கட்டுரையில் மற்றொரு வாதமும் உண்டு. பெரும்பொருளைச் சிறுசிறு தொகைகளாகப் பலருக்குப் பகிர்ந்தளிப்பதைவிட, அறிவுடைய செல்வர் ஒருவர் திரட்டிப் பொதுநலத்துக்குச் செலவிடுவதே மேல் என்பது அவ்வாதம். இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஹோம்ஸ்டெட் தொழிலாளருக்கென 1898-இல் அழகிய நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைக்களத்தில் வெந்தவன் அந்நூலகத்தில் அமர்ந்து படிக்கப் பொழுது ஏது? உழைத்தவனுக்கு உரிய கூலி ஈகையன்று, கடன். கடனைத் தீர்க்காமல் நிறுத்திவைத்து, அப்பொருளைக் கொண்டே கொடை செய்தால், கொடுத்தவர் கை எவருடைய கை?

கார்னிகியே இதை உணர்ந்தார் என்பதற்குச் சான்று உண்டு. 1901-இல் தொழிலினின்று விலகியதும், விபத்தில் ஊனமுற்ற தொழிலாளர்க்கும் இறந்தாரின் குடும்பத்தார்க்கும் முதியோர்க்கும் உதவ 40 இலட்சம் டாலர் ஒதுக்கினார். தம் உயர்வுக்குக் காரணமான தொழிலாளருக்குத் தாம் பெருங்கடன் பட்டிருப்பதை அப்போது எழுத்திலும் ஒப்புக்கொண்டார். நல்ல சொல், ஆயினும் 1892-இல் மாண்டாரை அது மீட்கவில்லை.

திருவள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். பொருள் செயல்வகையைப் பொருட்பாலில் வைத்து, பொருள் வரும் வழியும் தூயதாதல் வேண்டும் என்று அங்கேயே வரம்பு கட்டினார். பின்னர்ச் செய்யும் ஈகை முன்னர்ச் செய்த தீமையைக் கழுவிவிடும் என்று அவர் யாண்டும் கூறினார் அல்லர்.

“இறைவன் பணிக்காகத்தானே ஈட்டுகின்றோம்” என்று ஒருவர் தம் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் பூசலார் நாயனாரை நினைத்தல் நலம். திருநின்றவூர் அந்தணராகிய அவர் கோயில் எடுக்கப் பொருள் தேடி எங்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. நெஞ்சிலேயே கல்லும் மரமும் தொகுத்து, நாள் பார்த்து, கோயில் எழுப்பினார். அதே நாளில் காஞ்சியில் காடவர் கோமான் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய எண்ணியிருந்தான். அவன் கனவிலே பெருமான் தோன்றி, பூசலார் கோயிலில் தாம் எழுந்தருளவிருப்பதால் நாளை மாற்றுமாறு பணித்தருளினார். அரசன் திருநின்றவூர் சென்று வினவினான். அங்கே கோயில் இல்லை, பூசலாரே இருந்தார். பொருள் இல்லாத அன்பையும் குடியிருப்பாக ஏற்கும் இறைவனுக்காக, எவரும் தவறான வழியில் பொருள் தேட வேண்டிய தேவை என்றும் எழாது.

அன்பர்களே! இத்திருக்கோயிலுக்குப் பொருள் வழங்கியோரைக் குறைகூற இதைச் சொன்னேன் அல்லேன். அடியேன் உட்பட நாம் ஒவ்வொருவரும் இன்றிரவு தனித்திருந்து நம் கணக்கைப் பார்ப்போமாக. நிறுத்த எடை நேரா? வாங்கிய வட்டி முறையா? கல் சுமந்தவனுக்கும் களை பறித்தவளுக்கும் பேசிய கூலி பேசிய நாளில் சென்றதா? குறை தோன்றினால் உண்டியலை நாடுமுன் உரியவர் இல்லத்தை நாடுவோம். அவர் கையில் கொடுத்து, எஞ்சியதைச் சந்நிதிக்குக் கொண்டுவருவோம். அது சிறிதாயினும் நம்முடையது. ஆதலின் நாம் கொடுக்கத் தக்கது.

விமானத்தின்மேல் இன்று பொழிந்த புனித நீர் நம் நெஞ்சத்தையும் நனைப்பதாக. ஈட்டுவதில் தூய்மையும் ஈவதில் மகிழ்ச்சியும் எல்லோர்க்கும் திருவருள் கூட்டுவிப்பதாக.