ராக் இசைக்கலைஞரின் உடையும் அதன் பொருளும்



மொழியியல் பயின்றவன் ராக் இசைக்கலைஞரின் உடையைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனக்கோ அது என் துறைக்குள் அடங்கிய பொருளே. வலி, வளி, வழி என்னும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டாத தமிழாசிரியர் இரார். ல, ள, ழ என்னும் ஒலிகளுக்குத் தனியே பொருளில்லை. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே சொற்பொருளைப் பிரிக்கிறது. உடையும் இவ்வாறே இயங்குகிறது என்பதற்கு 1960களின் இங்கிலாந்து நல்ல சான்று.

லிவர்ப்பூல் இளைஞர்களான பீட்டில்ஸ் குழுவினர், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளில் வாசித்த காலத்தில் கறுப்புத் தோல் மேலங்கி அணிந்திருந்தனர். 1961இன் இறுதியில் அவர்களைக் கண்ட பிரையன் எப்ஸ்டீன், மேலாளராகப் பொறுப்பேற்றபின், அதைக் களைந்துவிட்டு ஒரே துணியில் தைத்த கோட்டும் கழுத்துப்பட்டையும் அணியச் செய்தார். பாட்டு முடிந்ததும் ஒருசேரத் தலைவணங்கவும் பழக்கினார். நெற்றியில் விழுந்த முடியை மட்டும் விட்டுவைத்தார். பெற்றோரும் பிள்ளைகளோடு அமர்ந்து தொலைக்காட்சியில் காணத்தக்கவர்களாக அவர்கள் மாறினர்.

அடுத்து வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் 1963இல் ஒரே மாதிரியான கட்டம்போட்ட கோட்டுகளில்தான் முதலில் தொலைக்காட்சியில் தோன்றினர். அவர்களுடைய மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம், முன்பு பீட்டில்ஸ் குழுவின் விளம்பரப் பணியில் சில காலம் இருந்தவர். 'நல்ல பிள்ளைகள்' என்னும் இடம் நிரம்பிவிட்டதை அவர் உணர்ந்தார். கோட்டுகள் விரைவில் மறைந்தன. ஆளுக்கோர் உடையில் நின்ற ஸ்டோன்ஸ் குழுவினர் 'முரட்டுப் பிள்ளைகள்' ஆயினர். இத்தனைக்கும் அவர்களுள் மிக் ஜாகர், லண்டன் பொருளியல் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தவர். ஹாம்பர்க்கின் முரட்டு விடுதிகளில் தேறி வந்தவர்களோ மற்றக் குழுவினர்!

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து எழுத்தே உடைமீது ஏறியது. 1975இல் ஜான் லைடன் என்னும் லண்டன் இளைஞர், பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டி-சட்டையில், அச்சிட்ட பெயருக்கு மேலே 'நான் வெறுக்கிறேன்' எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கையால் எழுதி அணிந்து திரிந்தார். அவர் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகரானதற்கு அந்தச் சட்டையும் ஒரு காரணம். வெறும் பெயர் ஒரு வாக்கியமாயிற்று. தமிழில் எழுதியிருந்தால் வினைச்சொல்லுக்குப் பெயரின் கீழே இடம் தேட வேண்டியிருந்திருக்கும்!

எனினும், அணிபவர் கருதிய பொருளையே காண்பவரும் கொள்வார் என்பதில்லை. பீட்டில்ஸ் வழியே பரவிய நீள முடி, 1970களின் சிங்கப்பூரில் ஹிப்பி வாழ்க்கைக்கும் போதைப்பொருளுக்கும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. நீள முடி வைத்த ஆண்களுக்கு இறுதியாகவே சேவை வழங்கப்படும் என்னும் சுவரொட்டிகள் அரசு அலுவலகங்களில் இருந்தன. காதை மறைப்பது, சட்டைக் காலருக்குக் கீழே இறங்குவது, புருவத்தைத் தொடுவது என 'நீளம்' எனும் சொல்லுக்குப் படத்தோடு விளக்கமும் இருந்தது. ஓர் அகராதிப் பதிவைப் போல!

என் பெரியப்பா மகன் அத்தகைய வரிசையொன்றின் கடைசியில் நின்றிருக்கிறார். போதைப்பொருளை அண்ணன் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவரிடம் இருந்தது பீட்டில்ஸ் இசைத்தட்டு ஒன்று.