அம்மா சம்மதித்தால் போதுமா?

(சோமனூரில் ஒரு கலந்துரையாடலில் பேசியது)



ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடமை’ 2025 பிப்ரவரியில் வந்தது. சின்ன பட்ஜெட் படம். பெரும்பாலும் ஒரே வீடு, சில பேர், பேச்சு. மகள் சாம் தன் காதலி நந்தினியை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். முற்போக்கு பேசும் அம்மா, தன் மகள் என்றதும் தடுமாறுகிறார். ரோகிணி அதை நன்றாகச் செய்திருக்கிறார். படத்தின் பலம் இதுதான். மேடைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் நம் இயக்க வீடுகளிலும் உண்டு.

குறை என்ன? கதையின் பாரமெல்லாம் பெற்றோரின் சம்மதத்தில் இருக்கிறது. அது வசதியான வீட்டின் கதை. இங்கே தறிக்குடோனில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் காதலித்தால், அம்மாவுக்குப் பின்னால் சொந்தபந்தமும் சாதியும் வாடகை வீட்டுக்காரரும் நிற்பார்கள். உடுமலையில் 2016 மார்ச் 13 அன்று சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது சாதிதானே?

தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை மீட்ட வழக்கு அது. தீர்ப்பு நல்லது. ஆனால் வீட்டை விட்டு வருபவளுக்கு முதலில் வேண்டியது ஒரு ராத்திரி தங்க இடம்.

சாதி மறுப்பு மணம் செய்தவர்களுக்குக் கதவு திறந்தவர்கள் நாம். இவர்களுக்கும் திறப்போமா? கலைவதற்கு முன் அதைப் பேசிவிடுவோம்.