புகை போகும் வழி

சீர்காழிக்கு வடகிழக்கே, கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பழையாறு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்குப் பலகை மாற்றுவதும், பெயின்ட் அடிப்பதும், இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவதும் அப்போதுதான். அந்த வேலையோடு புகைக்குழாயையும் பாருங்கள் என்று சொல்லவே இன்று வந்தேன்.

முழு வேகத்தில் ஓடும் டீசல் இன்ஜினின் புகை 400 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். குழாய் மரத்தைத் தொட வேண்டும் என்பதில்லை. நெருங்கி நின்றாலே மரம் மாதக்கணக்கில் காய்ந்து கருகி, ஒருநாள் பற்றிக்கொள்ளும். மேல்தளத்தைக் கடக்கும் இடத்தில் தாராளமாக இடைவெளி விடுங்கள். வெப்பம் தாங்கும் கண்ணாடி இழைத் துணியைச் சுற்றுங்கள். அதில் டீசல் ஊறியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

குழாயின் பாரம் இன்ஜின்மேல் உட்காரக் கூடாது. மேலிருந்து தாங்கி கொடுத்து, இன்ஜினை ஒட்டி நெளியக்கூடிய துண்டு ஒன்றை வையுங்கள். இல்லையென்றால் அதிர்வில் வெல்டிங் விரிந்துவிடும்.

அந்த விரிசல்தான் எனக்குப் பெரிய கவலை. அதன் வழியே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கீழே அசந்து தூங்குகிறவர், தூக்கத்திலேயே உயிரை விட்டுவிடலாம்.

கடல்நீரால் புகையைக் குளிர்விக்கும் அமைப்பானால், நீர் கலக்கும் இடத்திலிருந்து குழாய் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் உப்புநீர் சிலிண்டருக்குள் திரும்பிவிடும்.

இணைப்புகளில் கரிக்கோடு தெரிகிறதா? அங்கே கசிவு இருக்கிறது. கடலுக்குப் போகுமுன் அந்த இணைப்பின் பேக்கிங்கை மாற்றிவிடுங்கள்.