பூட்டு இல்லாத படம்

திண்டுக்கல் மலைக்கோட்டை மேல மேகம் இறங்கின படம் ஒண்ணு வாட்ஸ்அப்புல வந்துச்சு. பார்த்த கையோட நாலு குரூப்புக்கு அனுப்பியாச்சு. கீழே ‘நன்றி: கூகுள்’. ஏங்க, கூகுளா மலையேறிப் படம் எடுத்துச்சு?

நம்ம ஊர்ப் பூட்டு 2019-ல புவிசார் குறியீடு வாங்குறதுக்கு விண்ணப்பம், விசாரணைன்னு காத்துக் கிடந்துச்சு. படத்துக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. எடுத்த நொடியே பதிப்புரிமை வந்துடும், பதிவு பண்ணணும்னு கட்டாயமில்லை. முன்னாடி படம் வெளியானதுலேர்ந்து 60 வருஷம்னு கணக்கு. 2012-ல மாத்திட்டாங்க. எடுத்தவரோட ஆயுள் முழுக்க, அப்புறம் இன்னும் 60 வருஷம்.

கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்? ஸ்டுடியோக்காரருக்குன்னுதான் நினைப்போம். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு வேற மாதிரி சொல்லுது. தனியா ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை. மாப்பிள்ளைக்குக்கூட இல்லை, செலவு பண்ணின மாமனாருக்கு!

ஒருத்தர் தன் பக்கத்துல போட்ட படத்தை அங்கேயே ஷேர் பட்டனைத் தட்டிப் பகிர்ந்தா, போட்டவர் பேரும் கூடவே போகும். இறக்கி, பேரை வெட்டி, நம்ம பக்கத்துல போடுறதுதான் வம்பு. தெரிஞ்சே மீறினா ஆறு மாசத்துலேர்ந்து மூணு வருஷம் வரைக்கும் சிறை, 50,000 ரூபாய்லேர்ந்து இரண்டு லட்சம் வரைக்கும் அபராதம். லாப நோக்கம் இல்லேன்னா கோர்ட் குறைக்கலாம்.

அந்த மலைக்கோட்டைப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். மூலையில பாதி வெட்டுப்பட்டு, ‘ஸ்டுடியோ’ங்கிற எழுத்து மட்டும் மிச்சம் இருந்துச்சு.