தலைவன் முதலில் மாணவன்
(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)



தோழர் பி. சீனிவாச ராவின் தாய்மொழி கன்னடம். தஞ்சைக்கு வந்த அவர் சேரிகளில் தங்கி, பண்ணையாட்களின் பேச்சைக் கேட்டுக் கற்றார், பிறகே வழிகாட்டினார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததில் அந்த இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

நானோ, சங்கச் செயலாளரான புதிதில், ஆலையின் ஷிப்டு மாற்றத்துக்கு யாரையும் கேளாமல் சம்மதித்துவிட்டேன். "இரவு ஷிப்டு முடிந்தால் எங்கள் ஊருக்கு ஏது பஸ், தோழர்?" என்றார் ஒரு முதிய தொழிலாளி. முதலில் கோபம்தான் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் வாயிற்கூட்டத்தில் தவறை ஒப்புக்கொண்டேன். மீண்டும் பேச்சுவார்த்தைக்குப் போனோம். இம்முறை அந்த முதியவரும் உடன் வந்தார்.

முதலாளியின் தவறு எவர் கண்ணுக்கும் தெரியும். தன் தவறைக் காணத்தான் துணிவு வேண்டும். சுயவிமர்சனம் பலவீனமல்ல, தோழர்களே. அதுவே ஸ்தாபனத்தின் பலம்!