ஒற்றும் கணக்கும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஊர் விட்டு வந்து வாழும் நம்மிற் பலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கணக்கோடு பழகுவோர். ஆதலின், பெரிய நிறுவனங்கள் தம் கணக்குகளைத் திரட்டி அறிக்கையாக்கும் மென்பொருளை எவ்வாறு ஆராய்ந்து தேர்வது என்பது பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

இவ்வகை மென்பொருளைப் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' என்பர். 1958-இல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் தம் கட்டுரைத் தலைப்பில் இத்தொடரை வழங்கினார். இன்று டேப்லோ, பவர் பிஐ முதலியன பெயர் பெற்று விளங்குகின்றன. விற்க வருவோர் திரையில் வண்ணப் படங்களைக் காட்டுகின்றனர், காண்போர் மயங்குகின்றனர். அங்கே காட்டப்படுவது அவர்கள் கொணர்ந்த தூய கணக்கு; நம் கணக்கோ குறையும் பிழையும் கலந்தது. இதனை மறத்தல் ஆகாது.

நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். புதிய மென்பொருளின் முதல் அறிக்கை கூறிய இருப்பைவிடப் பண்டகசாலையில் சரக்குக் குறைவாக இருந்தது. ஐயம் அதன் பொறுப்பாளர்மீது விழுந்தது. நெடுங்காலம் பழி அறியாது உழைத்தவர் அவர். விளக்கம் கேட்டுக் கடிதம் சென்றது. அவர் தம் பதிவேட்டைக் கொணர்ந்து, வரிக்கு வரி ஒப்பிடுமாறு வேண்டினார். ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. ஒரு வரவுச் சீட்டுக்கு இரண்டு பில்கள் வந்த இடங்களிலெல்லாம், அறிக்கை அச்சரக்கை இருமுறை கூட்டியிருந்தது! அக்கடிதத்தில் கையொப்பமிட்டவருள் நானும் ஒருவன். அந்நாணம் இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

நாடளாவிய அளவிலும் இத்தகைய பிழை நேர்ந்ததுண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா தொற்றியோருள் ஏறத்தாழ 16,000 பேரின் பதிவுகள் அன்றாட அறிக்கையில் ஏறாது விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாமையே காரணம்.

ஆதலின், வாங்குமுன் நான்கு சோதனைகள் வேண்டும். முதலாவது, விடை முன்பே அறிந்த ஒரு மாதத்தின் நம் கணக்கை முழு அளவில் இட்டுப் பார்த்தல். இரண்டாவது, அறிக்கையிலுள்ள எந்த எண்ணைத் தொட்டாலும் அதன் மூலச் சீட்டுகள் தோன்றுமா என அறிதல். மூன்றாவது, 'விற்பனை' என்பது ஆணை பெற்ற நாளா, சரக்கு அனுப்பிய நாளா என்பதை ஓரிடத்தில் வரையறுத்து, எல்லாப் பிரிவினரும் அதனையே ஆளச் செய்ய இயலுமா எனக் காணுதல். நான்காவது, விற்றவர் துணையின்றி நம் எழுத்தரே அதனை இயக்கவும், உரியவர் மட்டுமே உரியதைக் காணவும் இயலுமா எனத் தேர்தல். விலை பேசுவது இவற்றிற்குப் பின்னரே. அப்போதும் ஆள் ஒருவருக்கான ஆண்டுக் கட்டணத்தோடு பயிற்சிச் செலவையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

வள்ளுவர் 'ஒற்றாடல்' என்னும் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்து கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றார். அறிக்கை தரும் மென்பொருளும் ஓர் ஒற்றனே அன்றோ? அது கூறுவதைப் பதிவேட்டோடும், பணி செய்வோர் சொல்லோடும் ஒப்பிட்ட பின்னரே நம்புதல் வேண்டும்.

இளைஞர்களே, நாளை இத்தகைய மென்பொருளைத் தேரும் பொறுப்பு உங்களை வந்தடையும். ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு மனிதர் நிற்கின்றார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.